ஒரே நாடி

எண்பதைத் தாண்டியவர்கள் தனியாக வாழக்கூடாது என்பது புதுச் சட்டம். துணை இறந்தால் அன்றே முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போய்விடுவார்கள்.

ஃபுசாயே தம்பதியின் வீட்டுக்குச் சோதனைக்கு வந்த அதிகாரி ஒனோதெரா, இருவரின் நாடியை அளக்கும் மணிக்கட்டுப் பட்டைகள் அனுப்பிய எண்களைப் பார்த்தாள்.

“ஃபுசாயேம்மா, உங்க நாடியும் ஐயா நாடியும் ஒண்ணாவே அடிக்குதே?”

“அறுபது வருஷம் கூட வாழ்ந்தா அப்படித்தான். நீ முதல்ல கல்யாணம் பண்ணு, தெரியும்.”

“ஐயா எங்க?”

“தூங்குறாரு. மெதுவாப் பேசு.”

காகிதக் கதவின் இடுக்கில், படுத்திருந்தவரின் தலைமாட்டில் ஒரு கிண்ணம் சோறு. அதில் சாப்பிடும் குச்சிகள் இரண்டும் செங்குத்தாகக் குத்தி நின்றன. அவர்கள் வழக்கத்தில் இறந்தவருக்கு மட்டுமே அப்படி வைப்பார்கள்.

தேநீர் ஊற்றிய ஃபுசாயேயின் ஒரே மணிக்கட்டில் இரண்டு பட்டைகள் இருந்தன.

‘இருவரும் நலம்’ என்று பதிந்த ஒனோதெரா, குரலைத் தாழ்த்தினாள்.

“எழுப்பாதீங்கம்மா. நாளைக்கு வர்றேன்.”