தட்டை மூடிய கை

பிளாட் புஷ் புறநகரிலுள்ள வீட்டின் சாப்பாட்டு மேசையில் மத்தியான வெயில் விழுந்து கிடக்கிறது. ஒக்கினாவாத் தீவிலிருந்து வந்திருக்கும், சம்பந்தியாகப் போகிற சுமிகோ, இன்னொரு கரண்டி பாகற்காய்க் கறி விழாதபடி தன் தட்டைக் கையால் மூடுகிறாள். பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணின் தாய் சிசிலியாவின் கரண்டி அந்தரத்தில் நிற்கிறது. வாயில் வைக்க முடியாத கறியோ, இனி இந்தக் கல்யாணம் நடந்த மாதிரித்தான் என்று அவள் மனம் எங்கெங்கோ ஓடுகிறது. “மாமிக்குக் கறி நல்லாப் பிடிச்சிருக்கம்மா,” என்கிறாள் மகள் றொஷானி. “அவையின்ர ஊரில வயிறு முட்டச் சாப்பிடமாட்டினம். கொஞ்சம் இடம் விட்டுத்தான் எழும்புவினம்.” போன உயிர் சிசிலியாவுக்குத் திரும்பி வருகிறது. மாப்பிள்ளை தன் மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டத் தொடங்க, சுமிகோ எழுந்து, தட்டை மூடிய அதே கையையும் மற்றதையும் தலைக்கு மேலே விரித்து, காற்றைத் துழாவித் துழாவி ஆடுகிறாள்; வா என்று கண்ணால் கூப்பிடுகிறாள். கரண்டியைக் கீழே வைக்க மறந்த சிசிலியாவும் கைகளைத் தூக்குகிறாள். கறிக்குழம்பு முழங்கைவரை வழிகிறது.