வண்டிக்கு ஆகாத ஆயில்

"இந்த மூணுல எது என் வண்டிக்கு ஆகாதது?" என்று கேட்டாள் அவள்.

உதிரிபாகக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். எது ஆகும் என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே தலை நரைத்தவர் அவர். ஆகாததைக் கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான்.

பச்சை மூடி போட்ட கேனை முன்னால் தள்ளினார். அது வேறு மாதிரியான ஆட்டோமேட்டிக் வண்டிக்கு உரியதாம். இவள் வண்டியில் ஊற்றினால் நாலே நாளில் கியர் பாக்ஸ் படுத்துவிடுமாம். சரியானது சிவப்பு மூடி.

"அப்ப பச்சையைக் குடுங்க. இதோ, இப்பவே திருப்பித் தந்துடுறேன்."

சீல் உடையக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். ஏதோ புருஷன் பெண்டாட்டி சமாசாரம் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வண்டி கடை வாசலிலேயே நின்றது. பழைய வண்டி, இரண்டு கை மாறி வந்தது, கிளட்ச் இல்லாதது. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் அவள் கணவர் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

காலமெல்லாம் லாரி ஓட்டிய மனுஷன். எவன் வண்டி ஓட்டினாலும் அவருக்குக் குறைதான். பஸ்ஸில் ஏறினால்கூட டிரைவருக்குப் பின்னாலேயே இடம் பிடித்து, "இப்ப மூணாவது போடணும், போடு, போடு" என்று முணுமுணுப்பார். பக்கத்தில் இருக்கிற அவளுக்கு மானம் போகும்.

ஒரு வருஷமாக அந்த வாய் மூடிக் கிடக்கிறது.

ஸ்டியரிங்கையும் தொடவில்லை. அவள் இந்த வண்டியை வாங்கி வந்து நிறுத்தியபோது, "கிளட்ச் இல்லாததெல்லாம் ஒரு வண்டியா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதோடு சரி. அவள்தான் தட்டுத் தடுமாறி ஓட்டிப் பழகினாள். இன்றைக்கு வரும் வழியில் வேண்டுமென்றே இரண்டு தடவை சடக்கென்று பிரேக் போட்டுப் பார்த்தாள். திட்டுவார் என்று ஒரு நப்பாசை.

ம்ஹும்.

இப்படியே விட்டால் ஜன்னலோரத்து நாற்காலியிலேயே மனுஷன் மக்கிப் போய்விடுவார். கொஞ்ச நாளாக அந்தப் பயம்தான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

கேனைக் கார் ஜன்னலில் தூக்கிக் காட்டினாள்.

"ஏங்க, கியர் பாக்ஸுக்கு இதை ஊத்திடுறேன். ஆயில்னா எல்லாம் ஒண்ணுதானே."

அவர் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி ஓரமாக வைத்தாள். தன் முழங்கை மட்டும் அவருக்குத் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு, கேன் மூடியைத் திருகுவதுபோல் தோளை அசைத்தாள்.

மூடியைத் திருகவில்லை. கண்ணைத்தான் மூடிக்கொண்டாள். இதற்கும் அவர் வாய் திறக்காவிட்டால் அவளிடம் வேறு வழி இல்லை.

"ஏய், நிறுத்து."

கையிலிருந்த கேன் நழுவப் பார்த்தது.

"அது இதுக்கு ஆகாது. சிவப்பைக் கேளு. கம்பியிலேயே ஆயில் பேர் பொறிச்சிருக்கே, கண்ணு தெரியலையா? மெக்கானிக்கிட்ட முழுசா வடிக்க வேணாம்னு சொல்லு. பழைய கியர் பெட்டி. பாதி வடிச்சுப் பாதி ஊத்தினாத்தான் தாங்கும்."

அவள் கம்பியைப் பார்த்தாள். பிடிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. சுற்றிலும் கையை வைக்க முடியாத பிசுக்கு, அந்த இடம் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். அவள் பஸ்ஸில் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தனியாக வாசல்வரை வந்து, பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். சரியான கள்ளன்.

கம்பியைச் செருகி, பானெட்டைச் சாத்திவிட்டுக் கடைக்குள் போனாள்.

"வேலை ஆச்சாம்மா?" என்று கேட்டபடி கடைக்காரர் சிவப்பு மூடியை எடுத்து நீட்டினார். அவள் தலையை ஆட்டி, சீல் உடையாத பச்சைக் கேனைத் திருப்பி வைத்தாள்.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வெகு நேரம் கழித்து இன்னொரு கதவு.

ஓடி வந்தாள். அவர் உட்கார்ந்திருந்த இருக்கை காலி.

அவர் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. அவள் பக்கம் திரும்பவே இல்லை.

சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்தாள். இருக்கையில் கிடந்த ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவர் சாவியைத் திருகினார். வலது காலைப் பிரேக்கில் வைத்தார். கியரை நகர்த்தப் போகையில் இடது தொடை தானாக எழும்பி, கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தை நோக்கி அழுத்தமாக இறங்கியது.

முழங்காலோடு மடித்து ஊக்குக் குத்தியிருந்த கால்சட்டை லேசாக ஆடி நின்றது.

அவரும் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"பழக்கம் போகலை," என்றார்.

"மெதுவாவே போங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா நீ? வர்ற வழியில ரெண்டு தடவை பிரேக் போட்டியே, அதுக்குப் பேரு பிரேக்கா? பின்னாடி வந்தவன் ஏறியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

வண்டி நகர்ந்தது. சிவப்பு மூடிக் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மெக்கானிக் கடை வரும்வரை அவள் ஆசை தீர வாங்கிக் கட்டிக்கொண்டாள்.