ஜூரேமாவின் கண்

"இந்தப் பழுப்புப் பயறை எல்லாம் என் அடுப்புப் பக்கமே கொண்டு வராதடா. கிழட்டுப் பயறு! சிலிண்டர் காலியாகும், இது வேகாது."

ஜூரேமா அந்தப் பையை முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒதுக்கினாள். பிரேசிலின் கோயானியா நெடுஞ்சாலையில் லாரிக்காரர்களுக்குச் சோறும் பயறும் போடுகிற சின்னக் கடை அவளுடையது. நேற்று அவசரத்துக்கு வாங்கிய பயறு கல்லாகவே கிடக்க, பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். இன்றும் சொதப்பினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

தம்பி அடெமாருக்குப் பயறு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை. அக்கா புலம்பியதைக் கேட்டு, காலையிலேயே இரண்டு பைகளோடு வந்திருந்தான்.

"அப்போ இது?" இன்னொரு பையை மேசையில் கொட்டினான்.

ஜூரேமா கல் பொறுக்கியபடியே ஒரு பயறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பால் நிறம், மேலே மெல்லிய கோடு.

"இது புதுசு. போன வாரம்தான் அறுத்திருப்பீங்க. நாளாக ஆக நிறம் மங்கிடும்டா. சந்தையில எந்த வியாபாரியும் என் கண்ணை ஏமாத்தினதில்ல, தெரியுமா?"

குக்கர் ஏறியது. அடெமார் அடுப்படியை விட்டு நகரவே இல்லை.

"என்னடா, பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற புருஷன் மாதிரி நிக்கிற?"

"கிட்டத்தட்ட அதேதான்கா. ரெண்டு ரகத்துக்குக் கல்யாணம் பண்ணி வெச்சோம். அம்மா சீக்கிரம் வேகும். அப்பாகிட்ட வேற ஒரு குணம். பிள்ளைங்கள்ல இது இருந்தா அது இல்ல. ரெண்டும் சேர்ந்து ஒண்ணு பிறக்கலைன்னா, திட்டத்தையே நிறுத்திடுவாங்க."

"அப்பன்கிட்ட அப்படி என்னடா குணம்?"

"முதல்ல வேகட்டும்."

ஆவி அடங்கியதும் ஜூரேமா ஒரு பயறை எடுத்து நசுக்கினாள். வெண்ணெய் மாதிரி மசிந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மதியம் லாரிக்காரர்கள் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பாத்திரம் காலியானதும் ஜூரேமா கரண்டியால் தம்பியின் தோளில் தட்டினாள்.

"பாத்தியா என் கண்ணை? இப்பவாவது சொல்லு, அப்பனோட குணம் என்ன?"

அடெமாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"வயசை வெளியே காட்டாதுக்கா. நீ ஒதுக்கினதும் ஆக்கினதும் கூடப்பிறந்ததுங்க. ரெண்டையும் ஒரே நாள்லதான் அறுத்தோம், மூணு வருஷத்துக்கு முன்னாடி."