இன்னொரு கோப்பை

பாலேஸ்வரி இரும்புக் கம்பியை நிலத்தில் இறக்கி வைத்தபோது, சுன்னாகத்து ஜிம்மில் நின்ற இளம் பெண்கள் கை தட்டினார்கள்.

அவள் மூச்சு வாங்கியபடியே போய்த் தராசில் ஏறி நின்றாள். நிறை கொஞ்சமும் அசையவில்லை.

"யோசியாதேங்கோ, அன்ரி. கொழுப்புப் போய்த் தசை வைச்சிருக்கு," என்றாள் பயிற்சி கொடுக்கும் ஷெரோன்.

உண்மைதான். சட்டை இடுப்பில் தொளதொளத்தது. கைகளில் மட்டும் இறுகிப் பிடித்தது.

சோற்றைப் பாதியாக்கியிருந்தாள். காலையில் முட்டையும் அவித்த பயறும், மத்தியானம் மீனும் கீரையும். முதல் கிழமை வெறும் கம்பியைத் தூக்கவே பெரும்பாடு.

ஐம்பத்தெட்டு வயதில் ஆருக்கு அழகு காட்டப் போகிறாய் என்று மச்சாள் உதயகலா முகத்துக்கு நேரேயே கேட்டிருந்தாள். பாலேஸ்வரி அடுத்த நாளும் ஜிம்முக்குப் போனாள்.

ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்தாள்.

கணவர் தியாகராசா கட்டிலில் கிடந்தார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த நாளிலிருந்து, அவரைத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோக அடுத்த வீட்டுச் சுபாஸ்கரன்தான் வருவான். தங்கமான மனுசன். கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவான்.

அவள் கணவரை எழுப்பி இருத்தி, அவருடைய நல்ல கையை எடுத்துத் தன் தோளில் போட்டாள். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, அவரை நெஞ்சோடு அணைத்தாள்.

"விடப்பா, விழுந்துபோவாய். சுபாசைக் கூப்பிடு."

"இனித் தேவையில்லை."

எழுந்தாள். அவரும் அவளோடு எழுந்தார்.

அரக்கி அரக்கிக் கழிப்பறைக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். அவரைக் கதிரையில் இருத்திவிட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

எதைக் கொடுத்தாலும் ஒரு மிடறோடு தள்ளி வைக்கிற மனுசன். தாகமில்லை என்பார். தண்ணீர் குடியாமல் சலம் போகிற பாதையில் கிருமி பிடித்து இரண்டு தரம் ஆசுப்பத்திரியில் கிடந்தும், டொக்டர் ஏசியும், கேட்கவில்லை.

இன்று கோப்பையை ஒரே மூச்சில் காலியாக்கினார். பிறகு, குனிந்த தலை நிமிராமல், அதை அவளிடம் நீட்டினார்.

"இன்னொண்டு தாறியே?"

அவள் வெறுங்கோப்பையை வாங்கிப் பார்த்தாள்.

"அவனை எத்தினை தரமப்பா கூப்பிடுறது," என்றார் அவர். "எனக்கு எந்த நாளும் தாகந்தான்."