கிராஃபிக்ஸ் கார்டில் ஒரு பொட்டு

"இதை யாரு வச்சது?"

யுவராஜ் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டது.

புதுக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே, கிராஃபிக்ஸ் கார்டின் முதுகில் ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம் வேறு.

அது சாதாரணக் கம்ப்யூட்டர் இல்லை. தலையில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டால் இருந்த இடத்திலேயே மலையேறலாம், விமானம் ஓட்டலாம் என்கிறார்களே, அந்த வி.ஆர். விளையாட்டுக்காக அவனே சாமான் சாமானாகத் தேர்ந்தெடுத்து, அவனே பூட்டியது. எந்த பிராசஸர், அதற்கு எந்த மதர்போர்டு, எத்தனை வாட் பவர் சப்ளை என்று ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான். கார்டு மட்டமாக இருந்தால் வி.ஆரில் தலை சுற்றும் என்று அதற்கு மட்டும் இரண்டு மாதம்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப நீங்க இவ்வளவு பார்க்கல," என்று மனைவி நித்யாவே சொல்லிவிட்டாள். "கடையிலயே பூட்டித் தருவாங்களாமே?"

"அவங்களுக்கு என்னா தெரியும்? நான் நூறு வீடியோ பார்த்திருக்கேன் லா."

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் பூட்டி முடித்து, குளித்துவிட்டு வந்து பட்டனை அமுக்கினான். காற்றாடிகள் சுற்றின. கலர் கலராக விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

அரை மணி நேரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, ஒயர்களைச் சரிபார்க்கலாம் என்று குனிந்தான். பொட்டு கண்ணில் பட்டது. அப்புறம் ஒயரையா பார்ப்பான்?

"கேக்குறேன்ல, யாரு?"

நித்யாவின் முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான் மாப்பிள்ள." சமையலறை வாசலில் நின்றபடி சொன்னார் மாமியார் தனலெட்சுமி. இரண்டு நாள் மகளோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று மேருவில் உள்ள தன் வீட்டிலிருந்து வந்தவர். "புது சாமானாச்சே, நல்லா இருக்கட்டும்னு..."

"இது என்ன லோரியா, பொட்டு வச்சு எலுமிச்சம்பழம் நசுக்கறதுக்கு? ஒண்ணும் தெரியலன்னா பேசாம ஒரு மூலையில உக்காரணும். என் ஆறு மாச உழைப்ப ஒரு விரலால நாசமாக்கிட்டீங்க."

அதற்கப்புறம் அவன் பேசியதையெல்லாம் எழுதினால் பத்திரிகை தாங்காது.

"அம்மா..." என்று நித்யா ஏதோ சொல்ல வர, தனலெட்சுமி அவள் கையைப் பிடித்து அழுத்தினார். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

யுவராஜ் கம்ப்யூட்டரைக் காரில் ஏற்றிக் கிள்ளானில் ஒரு கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் குரு டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

"அந்தப் பொட்டுதானே பாஸ் காரணம்?" என்றான் யுவராஜ்.

"இதுவா? இது வெறும் மேல் மூடி. இதுல நீங்க கோலமே போட்டாலும் ஒண்ணும் ஆகாது." குரு பொட்டைத் துடைத்துவிட்டு, மூலையில் மடங்கிக் கிடந்த ஒயர் ஒன்றை இழுத்தார். "பிராசஸருக்குக் கரண்ட் போற ஒயர். மாட்டவே இல்ல. உடம்பு பூரா கரண்ட் குடுத்துட்டு மூளைக்குக் குடுக்க மறந்துட்டாங்க. யாரு பூட்டுனது?"

யுவராஜ் சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைப் படிக்க ஆரம்பித்தான்.

ஒயரை மாட்டியதும் திரை பளிச்சென்று உயிர் பெற்றது. ஆறு மாதம் காத்திருந்த வெளிச்சம். அவனுக்கு அதைப் பார்க்கவே கூசியது.

பொட்டாலதான் கெட்டுப்போச்சு என்று வீட்டில் சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு நிமிஷம் அப்படியும் தோன்றியது. ஆனால் அவன் அவ்வளவு மோசமானவன் இல்லை. காரை நேரே மேருவுக்கு விட்டான்.

கதவைத் திறந்த தனலெட்சுமி, அவனைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"நித்யாவுக்கு ஒண்ணும் இல்லயே?"

"அவ நல்லாத்தான் இருக்கா அத்தை. தப்பு என்மேல. நான்தான் ஒரு ஒயர மாட்டாம விட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

"அட, விடுங்க மாப்பிள்ள. இப்ப ஓடுதா?"

"ஓடுது. கார்லதான் இருக்கு. பொட்டத்தான் கடையில தொடச்சிட்டாங்க. நீங்களே வந்து உங்க கையால இன்னொரு பொட்டு வச்சிடுங்க. அப்பதான் என் மனசு ஆறும்."

தனலெட்சுமி இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"ஐயோ, நான் எப்படி வைக்கிறது? உங்க மாமா போனதுலேருந்து குங்குமத்த நான் தொடறதே இல்லயே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

யுவராஜ் ஆடிப்போனான். உண்மைதான். போன வருஷம் கார் வாங்கிக் கோயிலில் பூஜை போட்டபோதும், பொட்டு வைக்க எவ்வளவு கூப்பிட்டும் வராமல் தள்ளித்தான் நின்றார்.

"அப்ப... வச்சது நித்யாவா?"

"நீங்க குளிக்கப் போனப்ப வச்சா. ஆறு மாசமா ஆசைப்பட்டது, நல்லபடியா ஓடணும்னு வேண்டிக்கிட்டு வச்சா."

"பின்ன ஏன் அத்தை நீங்க பழிய ஏத்துக்கிட்டீங்க?"

தனலெட்சுமி தரையைப் பார்த்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"என்னைத் திட்டினா, நான் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்திடுவேன் மாப்பிள்ள. அவ எங்க போவா?"