கொடுத்தவர் பெயர்

செடி யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயராலேயே அதைக் கூப்பிடுவது எங்கள் மாடித்தோட்டக் குழுவின் பழக்கம். என் மாடியில் மெஹருன்னிசா என்றால் அடுக்குமல்லி, சபாபதி சார் என்றால் செம்பருத்தி. போன மழைக்காலத்தில் எல்லார் வீட்டிலும் சபாபதி சார் ஒன்றாக வாடினார். "சார், உங்களுக்கு மழை ஒத்துக்கலையாம்" என்று அவரிடமே சொல்லிச் சிரித்தோம். அந்த வாரமே அவர் இறந்துபோய்விட்டார். அதன்பிறகு யாரும் எந்தச் செடியையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

இன்று காலை மெஹருன்னிசா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நீங்க குடுத்த நந்தியாவட்டையில இன்னொரு குச்சி கெடைக்குமா?"

"நல்லாத் துளிர் விட்டிருக்குன்னு சொன்னியே?"

"விட்டுச்சுக்கா." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னொண்ணு இருக்கட்டுமேன்னுதான்..."

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பாதியில் போன் அடித்தது. குழுவிலிருக்கும் ஜெயசீலன். செடியைத் தவிர வேறெதுவும் பேசாத மனிதர்.

"உடம்பு நல்லாருக்காம்மா?" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க எங்களுக்குக் குடுத்த நந்தியாவட்டை, உங்க வீட்டுல அதோட தாய்ச்செடி எப்படியிருக்கு?"

மாடிக் கதவின் தாழ்ப்பாளில் என் கை இருந்தது. நான் இன்னும் திறக்கவில்லை.