ஏன் என்று கேட்கக் கூடாது

மூன்றாவது வாக்கியத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

எதிர் நாற்காலியில் ஜெனோவா சொல்லிக்கொண்டிருப்பது தன் கதையை அல்ல, கேட்டுக்கொண்டிருக்கும் அவளுடைய கதையை.

சமூகப்பணி முதுகலை வகுப்பு. நடுவில் இரண்டு நாற்காலிகள், சுற்றிலும் வட்டமாக மாணவர்கள். இன்றைய நடிப்புப் பயிற்சியில் அவள் ஆலோசகர், ஜெனோவா ஆலோசனை தேடி வந்தவள். வந்தவள் என்ன கேஸ் கொண்டுவருகிறாள் என்பது ஆலோசகருக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது என்பது வசுமதி மேடம் வைத்த விதி.

தெரியாமல்தான் வந்து உட்கார்ந்தாள், வெட்டுப்படப் போகிற ஆடு மாதிரி.

அப்பா அம்மாவை அடிப்பாராம். பிளஸ் டூ படிக்கிற மகள் கூடத்தில் உட்கார்ந்து டிவி சத்தத்தைக் கூட்டுவாளாம். அக்கம்பக்கத்தில் கேட்டுவிடக் கூடாதாம். அடி விழ விழ சத்தம் ஏறுமாம். ஒருநாள் விழுந்த அடியில் அம்மாவுக்கு ஒரு காதே போய்விட்டதாம்.

துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள் ஜெனோவா. நன்றாகத்தான் நடித்தாள். வட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

துப்பட்டாவைச் சுற்றுவது ஜெனோவாவின் பழக்கமல்ல, அவளுடையது. பாவி, அதையும் விட்டுவைக்கவில்லை.

உலகத்தில் ஜெனோவா ஒருத்தியிடம்தான் அவள் இதைச் சொல்லியிருந்தாள். ஹாஸ்டல் மொட்டை மாடியில், துணி காயப்போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஒரே அறை, ஒரே பக்கெட், ஒரு ஷாம்பு பாக்கெட்டை இரண்டு பேர் பிழிந்துகொண்ட காலம். பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறோம் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

பிறகு களப்பணிக்கு இடம் ஒதுக்கினார்கள். குடும்ப ஆலோசனை மையம் அவளுக்கு வந்தது. ஜெனோவாவுக்குக் குப்பையைத் தரம்பிரிக்கும் விழிப்புணர்வு. மேடத்தைத் தனியாகப் பார்த்துக் காக்கா பிடித்துவிட்டாள் என்று ஜெனோவா ஹாஸ்டல் முழுக்கச் சொன்னாள். அறை மாறினாள். பக்கெட்டையும் தூக்கிக்கொண்டு போனாள்.

அத்தோடு தொலைந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இப்போது எழுந்துவிடலாம். இது என் கதை, நிறுத்து என்று சொல்லிவிடலாம். சொன்னால் வகுப்புக்கே தெரிந்துபோகும். சொல்லாவிட்டால் விதிப்படி நடந்தாக வேண்டும். வந்தவர் சொன்னதை ஆலோசகர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அறிவுரை கூடாது. ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் வந்தவர் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுவார் என்பார் மேடம்.

அவளுக்குக் கேட்க இருந்ததே அந்த ஒரு சொல்தான்.

நீங்க, வாங்க என்று மரியாதை வேறு. இவளுக்குப் போய்.

திருப்பிச் சொன்னாள். அம்மாவை அடிக்கும்போது நீங்கள் சத்தத்தைக் கூட்டினீர்கள். வெளியே தெரியக் கூடாது என்று நினைத்தீர்கள். தன் வாயால், எல்லோர் முன்னாலும். மேடம் தலையாட்டினார்.

ஜெனோவா கண்ணைத் துடைத்தாள். கண்ணீர் இருந்தால்தானே.

அப்புறம், மாடியில் பேசாத ஒன்றைச் சேர்த்தாள்.

“அம்மா அடி வாங்கறப்ப எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. நம்ம மேல விழலையேன்னு.”

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பொய் என்று நினைக்கவும் முடியவில்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். ஜெனோவாவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது, எதிரே இருப்பவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. அவளுக்குக் கை ஊறியது. ஓங்கி ஓர் அறை. ஒன்றே ஒன்று.

அப்பாவுக்குப் பிறந்தவள்தானே.

அந்த நினைப்பில் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். ஏன் என்பதைத் தவிர மற்ற கேள்விகளுக்குத் தடையில்லை.

இதற்குமுன் யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டாள்.

ஜெனோவா இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு சிநேகிதியிடம் சொன்னதாக முனகினாள்.

“சொன்னப்ப அவங்க என்ன செஞ்சாங்க?”

ஜெனோவாவின் விரல் துப்பட்டாவிலேயே நின்றுவிட்டது.

செய்தது இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைக்கு ஜெனோவா ஆறுதல் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, எனக்கு மட்டும் என்ன வாழுது என்று ஆரம்பித்துத் தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். பெற்ற அம்மாவிடம்கூடச் சொல்லாத கதை.

இந்த மௌனத்தைக் கவனியுங்கள், ஆலோசகர் அவசரப்படவில்லை பாருங்கள் என்று மேடம் மற்றவர்களிடம் சொன்னார்.

எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் என்ன ஒரு நம்பிக்கை என்று மேடத்துக்குப் பூரிப்பு. அப்படியே இடம் மாறி உட்காரச் சொன்னார்.

ஜெனோவா எழுந்திருக்க நேரமாயிற்று.

ஆலோசகர் முதலில் சொல்லியாக வேண்டிய உறுதிமொழி ஒன்று உண்டு. ஜெனோவா மறந்துவிட்டாள் என்று நினைத்து மேடமே எடுத்துக்கொடுத்தார். தரையைப் பார்த்துக்கொண்டு ஜெனோவா அதை ஒப்பித்தாள்.

“நீங்க இங்க சொல்ற எதுவும் இந்த ரூமைத் தாண்டிப் போகாது.”

அவள் தயாரித்து வந்திருந்தது வேலை பறிபோன ஓர் ஆளின் கேஸ். பாதி மனப்பாடமாகவே இருந்தது. அதை விட்டுவிட்டாள்.

நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எங்க வீட்ல யாருக்கும் தெரியாது மேடம்” என்று எதிரே இருந்தவளைப் பார்த்துத் தொடங்கினாள், ஜெனோவாவின் குரலில்.